பெரட்டில் கூப்பிட்ட பேர்

பண்டாரவளை
8.1.1981

தங்கச்சி ரெங்கம்மாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் நீயும் சுகமாக இருப்பீர்கள். நான் சுகமாக இல்லை, அதற்குக் காரணமும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. ஆகையால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

பதுளையில் ஓர் உரக் கம்பெனியில் எழுதுவினைஞர் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். போன மாதம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் இருக்கும் வீட்டு ஹம்ஸியா மாமி தன்னுடைய நல்ல சேலையை உடுத்தி அனுப்பினார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒருவர் தட்டெழுத்து அடிக்கச் சொன்னார். ஒருவர் அப்பாவின் பிரஜாவுரிமைக் கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது ஆள், "கல்யாணம் முடிச்சா வேலைய விட்டுட்டுப் போயிருவீங்களா?" என்றார். ஆம்பிளைகளிடமும் இதைக் கேட்பீர்களா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, "போக மாட்டேங்க" என்றேன். வந்திருந்த அத்தனை பேரிலும் என்னைத்தான் எடுத்தார்கள்.

எடுத்த பிறகு அடையாள அட்டை கேட்டார்கள். அரசாங்கக் கச்சேரியில் பிறப்புச் சான்றிதழின் நகல் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். செம்பாறைத் தோட்டத்து வீரசிங்கம் மகள் ஜெயலெட்சுமிக்கு ஏற்கெனவே அட்டை கொடுத்தாயிற்று என்று பதில் வருகிறது. என் பேர், என் பிறந்த தேதி, படத்தில் உன் முகம்!

உனக்கு வயது காணாதபோது அப்பா என் சான்றிதழைக் காட்டி உன்னைத் தேயிலைக் கொழுந்து மலையில் வேலைக்குச் சேர்த்துவிட்டது எனக்குத் தெரியும். உரிய வயது வந்ததும் திருத்திவிடலாம் என்றுதான் சொன்னார். வயது வந்து எத்தனை காலமாயிற்று? ஒருவரும் திருத்தவில்லை. பெப்ரவரி கடைசிக்குள் அட்டையோ, தோட்டத்துக் கடிதமோ காட்டாவிட்டால் அடுத்த ஆளை எடுப்பார்கள். நீ தோட்டத்து ஆபீசுக்குப் போய், நான் ஜெயலெட்சுமி இல்லை என்று சொல்லிவிடு. அதற்குப் பிறகுதான் எனக்கு ஓர் உயிர் வரும்.

பொங்கலுக்கு வரமாட்டேன். என்னைத் தேட வேண்டாம்.

அக்கா
ஜெயலெட்சுமி


மேட்டு லயம்
செம்பாறைத் தோட்டம்
பூனாகலை வழி
15.1.1981

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் கிடைத்தது. நல்ல நாளாகப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். அப்பா வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். பொங்கலை வாயில் வைக்காமல் எழுந்து போய்விட்டார்.

ஆபீசுக்குப் போய் நான் ஜெயலெட்சுமி இல்லை என்று சொல்லவேண்டுமாம். சொன்னால் என்ன நடக்கும் என்று படித்த உங்களுக்குத் தெரியாதா? பேரை வெட்டுவார்கள். ஏழு வருஷ வேலை, சம்பளத்தில் பிடித்த சேமலாப நிதி எல்லாம் ஜெயலெட்சுமி பேரில்தான் இருக்கிறது. ரெங்கம்மா என்று ஒருத்தி இந்தத் தோட்டத்தில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. தோட்டத்துத் துரையிடம் பொய் சொன்னதற்கு அப்பாவையும் பிடிப்பார்கள். இது ஒன்றும் உங்களுக்குத் தோன்றவில்லை, பொட்டு வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

எழுபத்து நாலில் அரிசியும் இல்லை, மாவும் இல்லை. பக்கத்து வீட்டுக் காம்பராவில் பிள்ளை செத்தது. நான் அப்போது ஆறாம் வகுப்புக்குப் போக இருந்தேன். புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, அம்மா என் தலையில் கூடைக் கயிற்றை மாட்டிவிட்டார். யாரும் என்னை நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை அக்கா. கணக்கப்பிள்ளை என் கையை மட்டும் பார்த்தார், "சின்னக் கையி, நல்லா ஓடும்" என்றார். அவ்வளவுதான் என் நேர்முகம்.

நீ அப்போது பண்டாரவளையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். பேரை எடுத்துக்கொண்டோம் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இப்போது உனக்குத் தேவை வந்ததும் கழற்றிக் கொடு என்கிறாய். காதில் கிடக்கிற தோடா அது?

அம்மா சொல்கிறார்: "ரெண்டும் என் வயித்துல பொறந்ததுதானே, எந்தப் பேருல எவ இருந்தா என்னா?" இதைத்தான் உனக்கு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

தங்கச்சி
ரெங்கம்மா


பண்டாரவளை
21.1.1981

ரெங்கம்மாவுக்கு,

"நீங்கள்" என்று தொடங்கி நடுவில் "நீ" என்று இறங்கிவிட்டாய். சரி, அது உன் மரியாதை.

ஹம்ஸியா மாமியின் வீட்டுக்காரர் ஸலீம் மாமா என்னைப் பதுளையில் ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப்போனார். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். கம்பெனி கொடுத்திருக்கும் படிவத்தில், இதற்கு முன் எங்கே வேலை செய்தாய் என்று ஒரு கேள்வி இருக்கிறது. எங்கும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், என் பேரில் தோட்டத்தில் சேமலாப நிதி ஓடுகிறது, பொய்க்காரி என்பார்கள். தோட்டத்தில் வேலை செய்கிறேன் என்று எழுதினால் அதுவும் பொய்தான். இன்றைக்கு எப்படியோ சமாளித்து உள்ளே போனாலும், பொய் என்று எப்போது தெரிந்தாலும் நிறுத்தலாமாம். "சான்றிதழ்ல பொறந்தவ யாரோ அவதான் ஜெயலெட்சுமி, அத மாத்த ஒருத்தராலும் ஏலாது. தங்கச்சிய வந்து சத்தியக் கடதாசி ஒன்னு முடிச்சுத் தரச் சொல்லுங்க" என்றார்.

கல்யாணம் பற்றிக் கேட்டார்களே, அப்படிக் கேட்கலாமா என்றும் கேட்டுவைத்தேன். சிரித்தார். "கேக்கக் கூடாதுன்னு ஒரு சட்டத்த நான் காணல்ல. பதில் சொல்லியே ஆகணும்னும் சட்டம் இல்ல. ஆனா வேல வேணுமே!" என்றார்.

இனி உன் கதைக்கு வருகிறேன். நான் என்னவோ பல்லக்கில் வந்த மாதிரி எழுதியிருக்கிறாய். பத்து வயதில் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது படிக்க வைக்க இல்லை. ஹம்ஸியா மாமியின் பிள்ளைகளைப் பார்க்கத்தான் விட்டார்கள். மூன்று பிள்ளைகளின் பீத்துணியும் மூத்திரத் துணியும் துவைத்துவிட்டுத்தான் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டேன். மாமி நல்லவர், பள்ளிக்கூடம் அனுப்பினார். வேறு வீடாக இருந்தால் இன்றைக்கும் அடுப்படியில் கிடந்திருப்பேன். இராத்திரியில் அம்மா என்று அழுதால் பிள்ளைகள் முழித்துவிடும் என்று தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவேன். அப்பா வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, ஸலீம் மாமாவின் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார். உன்னையாவது வீட்டில் வைத்துக்கொண்டார்களே! அதை ஒருநாள் நினைத்துப் பார்த்திருக்கிறாயா?

நம் வீட்டில் எனக்கென்று இருந்தது பேர் ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டீர்கள்.

இந்த மாதம் முடியும் வரை பார்ப்பேன். நீ ஆபீசுக்குப் போகாவிட்டால் நானே துரைக்கு எழுதுவேன்.

ஜெயலெட்சுமி


செம்பாறைத் தோட்டம்
27.1.1981

ஜெயலெட்சுமி அக்காவுக்கு,

மிரட்டல் கடிதம் கிடைத்தது. சட்டத்தரணியிடம் போனாயே, உன் தங்கச்சி என்ன கதிக்கு ஆளாவாள் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? கல்யாணக் கேள்வியைக் கேட்க நேரம் இருந்திருக்கிறது. ஏறின ஏணியை எட்டி உதைக்கிறவள் என்று உன்னைத்தான் சொல்லவேண்டும்.

பேரைப் பற்றிப் பேசுகிறாயே, நான் ஒன்று சொல்கிறேன். விடிகாலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் எல்லோரும் வரிசையில் நிற்போம். கணக்கப்பிள்ளை செக்ரோல் பதிவேட்டைப் பார்த்து, "ஜெயலெட்சுமி!" என்று கூப்பிடுவார். முதல் வருஷம் முழுக்க அந்தப் பேர் காதில் விழுந்ததும் நான் திரும்பிப் பார்ப்பேன். நீ வந்துவிட்டாயோ என்று பார்ப்பேன். பக்கத்தில் நிற்கிறவள் விலாவில் குத்தி, "அடியே, ஒன்னத்தான்" என்பாள். அதற்குப் பிறகுதான் "ஆமாங்க" என்பேன். மழையில் நின்றது நான், அட்டை கடித்தது என்னை, பாதித் தூக்கத்தில் ஓடினதும் நான். லயத்து வீட்டில் நான் ரெங்கம்மா, மலையில் ஜெயலெட்சுமி. போன வருஷம் ஒருவர் பெண் கேட்டு வந்தார். ஆபீசில் விசாரித்திருக்கிறார், ரெங்கம்மா என்று யாருமே இல்லை என்றார்களாம். அத்தோடு போனவர்தான், திரும்ப இந்தப் பக்கம் வரவில்லை.

நீ பேரை மட்டும் கேட்கிறாய். அந்தப் பேருக்கு ஏழு வருஷம் கூடை சுமந்தவளை என்ன செய்வதாக உத்தேசம்?

துரைக்கு எழுதப் போகிறாயா? எழுது, பார்ப்போம். அப்பாவையும் சேர்த்து எழுது. உப்பைத் தின்றவர்கள் எல்லோரும் தண்ணீர் குடிப்போம்.

ரெங்கம்மா


பண்டாரவளை
3.2.1981

ரெங்கம்மாவுக்கு,

நீ சொன்னபடியே எழுதிவிட்டேன். இன்றைக்குப் பதிவுத் தபாலில் துரைக்கு அனுப்பியாயிற்று. அப்பாவைக் குறை சொல்லி ஒரு வரியும் எழுதவில்லை. வயது காணாததால் நடந்த பிழை, பேரைத் திருத்தி, கம்பெனிக்கு ஒரு கடிதமும் தாருங்கள் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். ஹம்ஸியா மாமி இன்னும் ரெண்டு நாள் பொறுத்துப் பார் என்றார். பொறுத்துப் பொறுத்துத்தான் இருபத்து மூன்று வயதாகிறது.

கோபப்பட்டால் படு. எனக்கு வேறு வழி இல்லை.

ஜெயலெட்சுமி


செம்பாறைத் தோட்டம்
8.2.1981

அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நீயே வாசித்துச் சந்தோஷப்பட்டுக்கொள்.

உனக்குப் போன கடிதத்தில் வாய்க்கு வந்தபடி எழுதினேனே தவிர, அதைத் தபாலில் போட்ட பிறகு எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. நீ துணி துவைத்த கதை எனக்குத் தெரியாது. அக்கா படிக்கப் போயிருக்கிறாள் என்றுதான் சின்ன வயதிலிருந்து சொன்னார்கள். அம்மாவிடம் கேட்டேன். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "ஆமாடி, சோத்துக்குத்தான் விட்டோம்" என்றார். அன்றிலிருந்து பெரட்டில் உன் பேரைக் கூப்பிட்டால் எனக்கு "ஆமாங்க" வரவில்லை. கணக்கப்பிள்ளை இரண்டு தடவை கூப்பிடவேண்டியிருந்தது.

தொழிற்சங்கத் தலைவர் ரெங்கசாமி அண்ணனிடம் போனேன். அவர் பெரிய கிளாக்கரிடம் பேசிவிட்டு வந்தார். "நம்ம தோட்டத்துல இப்புடி இருக்கிறது நீ மட்டும் இல்ல புள்ள. யாரும் பெட்டிசன் போடாம நீயா வந்து சொன்னா, எழுத்துப் பிழைன்னு சொல்லிப் பேரத் திருத்துவாங்க. ஒரு வார்னிங்கோட போயிரும், சர்வீசும் அப்புடியே இருக்கும்" என்றார். ஆட்கள் துரையைப் பார்க்க ஆபீஸ் நாள் வெள்ளிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை குளித்து, சாமி கும்பிட்டு, தலைவரோடு போனேன். உன் பேரை உனக்குக் கொடுத்துவிட்டு, சாயந்திரம் கடிதம் போடலாம் என்று கடிதத்தாளும் வாங்கி வைத்திருந்தேன்.

உள்ளே போனால் துரையின் மேசையில் உன் கடிதம் விரித்துக் கிடக்கிறது. காலைத் தபாலில் வந்ததாம். உன் எழுத்தை எனக்குத் தெரியாதா? தலைகீழாகப் பார்த்தும் தெரிந்தது.

தலைவர், "தொர, புள்ள தானா வந்துருக்குங்க" என்றார். துரை தெரிந்த தமிழில் சொன்னார்: "தானா வரல்ல. அக்கா பெட்டிசன் போட்டாச்சு. பயந்து வந்திருக்கு." தலைவர் எவ்வளவோ மன்றாடினார். "பெட்டிசன் வந்தா மேல அனுப்பணும். நான் மறைச்சா என் வேல போகும்" என்று முடித்துவிட்டார். பெரிய கிளாக்கர் வெளியே வந்து, "போன வெள்ளிக்கிழம வந்திருக்கலாமே அம்மா" என்றார். போன வெள்ளிக்கிழமை எனக்கு அந்த மனசு வரவில்லை, என்ன செய்ய?

ஆள்மாறாட்டம் என்று எழுதி என் பேரை வெட்டிவிட்டார்கள். என் பேர் என்ன, உன் பேரைத்தான். திரும்ப ரெங்கம்மாவாகப் பதியமாட்டார்களாம், ஏமாற்றின ஆளாம். அப்பா கைநாட்டு வைத்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

நீ எனக்குப் போட்ட கடிதமும் அதே தபாலில்தான் வந்திருந்தது. திரும்பி வந்து அதை வாசித்தேன். ரெண்டு நாள் பொறு என்று ஹம்ஸியா மாமி சொன்னார்களாமே. பெறாத பிள்ளைக்கு அவர் பொறுக்கச் சொன்னார். கூடப் பிறந்த உனக்கு முடியவில்லை.

ரெங்கம்மா


பதுளை
2.3.1981

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஆபீசுக்குப் போகப் போகிறேன் என்று எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே? எழுது பார்ப்போம் என்றுதானே எழுதினாய்! உன் மனசு மாறினது எனக்குக் கனவிலா தெரியும்? என்மீது மட்டும் பழியைப் போடாதே. எனக்கும் சோறு இறங்கவில்லை.

தோட்டத்திலிருந்து துரையின் கடிதம் கம்பெனிக்கு வந்தது. அங்கே வேலை செய்தவள் உண்மையான ஜெயலெட்சுமி அல்ல என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். முதலாம் திகதி ஞாயிறு என்பதால் இன்றைக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். எனக்கென்று ஒரு மேசை, ஒரு தட்டெழுத்து இயந்திரம். சந்தோஷப்படத்தான் பார்க்கிறேன்.

உன்னை நான் விட்டுவிடவில்லை. எங்கள் கம்பெனியில் தேநீர் போடவும் கூட்டவும் ஒரு பெண் தேடுகிறார்கள். பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன். பதினாறாம் திகதி நேர்முகம். சுத்தமாக உடுத்திக்கொண்டு வா, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கையைக் கட்டிக்கொண்டு நில். முன்பு எங்கே வேலை செய்தாய் என்று கேட்டால் வீட்டில் இருந்தேன் என்று சொல்.

இன்னொன்று. என் தங்கச்சி என்று சொல்லிக்கொள்ளாதே. துரையின் கடிதத்தை இங்கே எல்லோரும் வாசித்துவிட்டார்கள். தெரிந்த பிள்ளை, ஒரே ஊர் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். ஆபீசில் என்னை மிஸ் என்று கூப்பிட்டால் போதும். உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன், தப்பாக எடுக்காதே.

உன் வருகையை எதிர்பார்த்திருக்கும்
அக்கா ஜெயலெட்சுமி


ஹல்துமுல்லை
19.3.1981

ஜெயலெட்சுமி மிஸ்ஸுக்கு,

பதினாறாம் திகதி நான் வரவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். அன்றைக்கு எனக்கு வேறொரு நேர்முகம் இருந்தது.

இங்கே லரீபா அக்காவின் சில்லறைக் கடைக்குப் பின்னால் ஒரு காம்பராவில் இருக்கிறேன். எங்கள் தோட்டத்துப் பக்கம் சாமான் கொண்டுவந்து விற்றவர்தான், அம்மாவுக்குப் பழக்கம். இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் கைக்காசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். கைக்காசு என்றால் பேர் பதிவு இல்லை, சேமலாப நிதி இல்லை. வேலை இருக்கிற அன்றைக்குக் கூலி, மற்ற நாளில் ஒன்றுமில்லை. பேர் இல்லாதவளுக்குப் பதிவில்லாத வேலைதானே பொருத்தம்.

அப்பா சாகும்வரை உங்களைப் பார்க்கமாட்டேன் என்கிறார். அம்மா உங்களுக்காக அழுகிறார், எனக்காகவும் அழுகிறார். நான் யாருக்காகவும் அழவில்லை. உங்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, ஆகையால் இனி நினைப்பதாக இல்லை. தங்கச்சி என்று சொல்லிக்கொள்ளாதே என்று எழுதியிருந்தீர்கள். நல்லது மிஸ், சொல்லமாட்டேன். பதுளையில் மட்டும் இல்லை, எங்கேயும் சொல்லமாட்டேன். நீங்களும் இனி எழுதவேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லி லரீபா அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

நேர்முகம் இருந்தது என்றேனே, அதைச் சொல்கிறேன். கங்காணி மலை ஓரத்தில் நின்றுகொண்டே கேட்டார்.

"பேரென்னா?"

"ரெங்கம்மாங்க."

"எந்தத் தோட்டத்துல இருந்து வார?"

செம்பாறை என்று சொன்னால் ஆபீசுக்கு விசாரிப்பார்கள். ஆள்மாறாட்டக்காரி என்று பதில் வரும். "தோட்டம் இல்லைங்க, வீட்டுல இருந்தேன்" என்றேன். நீங்கள் சொல்லிக் கொடுத்த பதில்தான், அந்த மட்டில் உங்களுக்கு நன்றி.

என் கையைப் பார்த்தார். "வெரலெல்லாம் காச்சுப் போயிருக்கே?"

"வெறகு ஒடிச்சதுங்க."

"கொழுந்து எடுத்துப் பழக்கமா?"

ஏழு வருஷம் மிஸ். கண்ணைக் கட்டி விட்டாலும் எடுப்பேன்.

"இல்லைங்க" என்றேன்.

"சரி, இங்கிட்டு வா" என்று ஒரு செடிக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். நல்ல மனுசன், பொறுமையானவர். ஒரு கொழுந்தை ஒடித்து என் உள்ளங்கையில் வைத்து, "இதப் பாரு, ரெண்டு எல, ஒரு மொட்டு. நகத்தால கிள்ளப்படாது, மெதுவா ஒடிக்கணும், வெளங்குதா?" என்று மூன்று தடவை செய்து காட்டினார்.

விளங்குதுங்க என்று சொல்லிவிட்டு, அவர் காட்டினபடியே ஒன்றை ஒடித்துக் காட்டினேன். கெட்டிக்காரி, சீக்கிரம் பழகிக்கொள்வாய் என்றார்.

வீ. ரெங்கம்மா